மூத்த மாப்பிள்ளை

சலவைக்கூடத்தில் அவளுக்கு மைக்செட்டு என்று பெயர். துவைக்கிற மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை அப்படிப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஈரப் பாரத்தோடு இழுத்துப் போடும் கையும் அந்தத் தொண்டையும்தான் அவள் சொத்து. புருஷன் போன பிறகு மகளைக் கட்டிக்கொடுத்தது அந்தச் சொத்தை வைத்துத்தான்.

ஒரு நாள் காலையில் மகள் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, அவர் பட்டறையை மூடிட்டாங்க. வீட்டையும் காலி பண்ணணும். நாளைக்கே கிளம்பி, வேற வேலை கிடைக்கிற வரைக்கும் அங்க வந்து இருக்கலாம்னு கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வெச்சிருக்கேன். மாமியார் வீட்டுச் சோறான்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டு இருக்கார். ஒரு வார்த்தை கோணலா விழுந்தாலும் திரும்பிடுவார். உன் வாயைக் கொஞ்சம்..."

"நான் என்னடி சொல்லப்போறேன்?"

"பாரு, இதையே கத்தித்தான் சொல்ற."

அன்று முழுக்க மைக்செட்டு வாய்க்குப் பூட்டுப் போட்டுப் பழகினாள். கூட வேலை செய்கிறவர்கள் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பூட்டு மறுநாள் காலை கொய்யா மரம் குலுங்கும்வரைதான் தாங்கியது.

வீட்டுக்குப் பின்னால் துண்டு நிலம். ஒரு கொய்யா, பப்பாளி, கம்பில் ஏற்றிவிட்ட அவரைக் கொடி. அதில் பாதிதான் அவளுடையது. மீதி, கூட்டத்தை விட்டு ஒதுங்கிவந்த ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கினுடையது. தினமும் காலையில் மேட்டுக் காட்டிலிருந்து இறங்கும். மதில்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்காரும். பழுத்ததாகப் பார்த்துத் தின்னும். அவள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். வைத்ததோடு விட்டாளா, வாங்க போங்க என்று மரியாதை வேறு. திட்டத் திட்ட மரியாதை கூடும். நிஜ மாப்பிள்ளை தூரத்துப் பட்டறையில் இரும்பு உருக்கிக்கொண்டிருந்த வரைக்கும் இதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

"வந்துட்டீங்களா மாப்பிள்ளை!" என்று ஈரத் துணியைச் சுழற்றினாள். "வேலை வெட்டி கிடையாது. மூக்குப் பிடிக்கத் திங்க மட்டும் மாமியார் வீடு வேணும்! வெக்கம் மானம் ஏதாவது இருக்கா உங்களுக்கு? கிளம்புங்க, வந்த வழியப் பாத்து!"

கடுவன் மதிலுக்கு அந்தப் பக்கம் குதித்தது. சந்துப் பக்கம் பெட்டி ஒன்று தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதே பெட்டியை வெடுக்கென்று தூக்கும் சத்தம்.

மதிலோரப் படல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நிஜ மாப்பிள்ளையின் முதுகு தெரு முனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மகள் மெத்தைச் சுருட்டை அணைத்தபடி நடுச்சந்தில் நின்றாள்.

"என்னம்மா சொல்லித் தொலைச்ச அவரை?"

"அவரையா? ஐயையோ, நான் குரங்கைச் சொன்னேன்டி!"

அந்தக் கத்தலும் தெரு முனைவரை போய்ச் சேர்ந்தது. முதுகு நின்றது. திரும்பி நடந்து வந்தது.

"யாரு அத்தை குரங்கு?"

எந்தப் பக்கம் நகர்ந்தாலும் குழி என்று மைக்செட்டுக்குப் புரிந்தது. பாரத்தை இறக்குகிற மாதிரி உள்ளதைப் போட்டுவிட்டாள்.

"இங்க ஒரு குரங்கு வரும் மாப்பிள்ளை. அதைத்தான் நான்... மாப்பிள்ளைன்னு கூப்பிடுவேன்."

"ஏன், மூஞ்சி என்னை மாதிரியா?"

"அம்மா, வேணாம், பதில் சொல்லாதே," என்றாள் மகள்.

"வரும், திங்கும், போயிடும். அதான் அந்தப் பேரு." மைக்செட்டின் குரல் என்றும் இல்லாமல் தணிந்தது. "ஆனா ஒரு நாள் வரலேன்னா எனக்குச் சோறு இறங்காது. வேற யாரு இருக்கா இங்க, நான் கத்துறதக் கேக்க?"

பெட்டி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. இதற்குள் ஆபத்து தீர்ந்ததென்று நினைத்தோ என்னவோ, கடுவன் மறுபடி மதிலேறிக் காலைத் தொங்கப்போட்டது. பட்டறைச் சூட்டில் தீய்ந்த புருவத்தோடு அவர் அதைப் பார்த்தார். அதுவும் அவரை மேலும் கீழும் அளந்தது.

"என்ன சகலை," என்றார் அவர். "சௌக்கியமா?"

மகள் மெத்தைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"ஒரே வீட்ல பொண்ணு எடுத்திருக்கோம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சகலை? உங்களுக்கும் வேலை இல்லையாமே." பிறகு மாமியாரிடம் திரும்பினார். "எங்க ரெண்டு பேர்ல யாரு மூத்த மாப்பிள்ளை?"

"அவர்தான். நீங்க தாலி கட்டறதுக்கு முன்னாடியே மரம் ஏறினவர்," என்றாள் மைக்செட்டு. "அதனால உச்சிக் கிளை அவருக்கு. கைக்கு எட்டுறது நமக்கு."

"நமக்கா?"

"பின்ன? பெட்டியை உள்ள வைங்க."

அவர் வைக்கவில்லை. மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். கைக்கு எட்டும் கிளைகளில் ஒரு பழம்கூட இல்லை.

"அத்தை, சகலைக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியுமா?"

"இனிமே நீங்க சொல்லிப் புரிய வைங்க. சொந்தக்காரங்களுக்குள்ள நான் தலையிட மாட்டேன்."