எலுமிச்சம்பழ வாய்

எலுமிச்சம்பழம் வரைவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு முனையும் கூராக, நடுவில் தொப்பையாக, பார்த்தால் எடுத்துப் பிழிந்துவிடலாம் போல இருக்கும். சிக்கல் என்னவென்றால், நான் வரைய நினைத்தது எலுமிச்சம்பழம் அல்ல. தொட்டியின் வாய்.

நான் வேலை பார்ப்பது எவர்சில்வர் தொட்டி செய்யும் பட்டறையில். பால், பழச்சாறு, சோப்புத் தண்ணீர் என்று எதை வேண்டுமானாலும் ஊற்றிவைக்கிற பெரிய தொட்டிகள். மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் நானும் குடித்தனம் நடத்துகிறோம். தொட்டி எவ்வளவு உயரம், மூடி எந்தப் பக்கம் திறக்கும், கழுவுகிற ஆள் எப்படி உள்ளே இறங்குவார் எல்லாம் என் மண்டையிலிருந்து வருவது. நான் அச்செடுத்துத் தருகிற தாளைக் கீழே கொண்டுபோய் வாடிக்கையாளரிடம் விளக்குவது மட்டும் விற்பனை மேலாளர். "இது நம்ம டீம் போட்டது" என்பார். வாயைத் திறந்தால் டீம். அதனாலேயே பட்டறையில் அவருக்கு டீம்காரர் என்று பெயர். பிரிண்டரையும் சேர்த்துக்கொண்டால் அந்த டீமில் நாங்கள் இரண்டு பேர்.

வயிற்றெரிச்சலா என்று கேட்டால், ஆமாம், நன்றாகவே எரிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளருக்கும் என் முகம் தெரியாது. என் தொட்டியைப் பற்றி நானே ஒருவரிடம் வாய் திறந்து பேசியதில்லை.

அப்போதுதான் பால்காரம்மா வந்தார். பெரிய பால் பண்ணை வைத்திருப்பவர். தாழ்வான கூரைக்கு அடியில் நிற்கிற மாதிரி ஒரு குட்டைத் தொட்டி அவருக்கு வேண்டும். டீம்காரர் என் தாளை நீட்டியதும் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"ஒரே கோடு கோடா இருக்கு. இதுல தொட்டி எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல கலர் படமாவே போட்டுத் தரோம்மா."

"கம்ப்யூட்டர் எதை வேணா அழகாக் காட்டும். அதை நம்பி ஒரு தடவை ஏமாந்தது போதும். வெள்ளிக்கிழமை வரேன். என் கண்ணு முன்னாடி யாராவது கையால வரைஞ்சு காட்டுங்க. வரையறவங்ககிட்டதான் பேசுவேன்."

இது மாடிக்கு எட்டியதும் படிகளில் தடதடவென்று இறங்கி முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"நான் வரையறேன் சார்."

"கையாலயா? உனக்கு வருமாம்மா?"

"ஏன் சார் வராது?"

வாய் முந்திக்கொண்டது. கை பாவம், அதற்கு விஷயமே தெரியாது. வட்டமான வாயைச் சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டமாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் அது ஒரு தட்டில் வந்து நிற்கிற சமாசாரம். கையால் ஒரு நீள்வட்டம் போட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தேன். போட்டதே இல்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளைப் பரப்பி உட்கார்ந்தேன். மணிக்கட்டை அசைக்காதே, தோளிலிருந்து முழுக்கையையும் சுற்று. பேனா தாளில் படுவதற்கு முன் காற்றிலேயே சில சுற்றுப் போய்ப் பழகு. பழகிய வேகத்திலேயே மெல்ல இறக்கு. இதெல்லாம் ஒரு வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் சொல்லித் தந்தது. அவர் இறக்கினால் நீள்வட்டம். நான் இறக்கினால் எலுமிச்சம்பழம்.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். நாள் முழுக்க யார் யாரோ காரை எதில் எதிலோ மோதுவதைப் பார்த்துவிட்டு வருவதால் வீட்டில் எதற்கும் பதற மாட்டார். என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"படகா?"

"தொட்டி."

"ஓ. மூழ்கின படகோன்னு நினைச்சேன்."

"ஏங்க, உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

அவர் போகவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கப் பழமாகக் காய்த்துத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நேர்ல நல்லாத்தான் போற. திருப்பம் வந்ததும் பயந்து நின்னுடுற. அப்புறம் வெடுக்குனு திருப்புற. அதான் மூக்கு வருது. திருப்பத்துல பிரேக் போடாதே."

"உங்க ஸ்கூல் பாடமெல்லாம் எனக்கு வேண்டாம்."

என்றேனே தவிர, அவர் பல் தேய்க்கப் போனதும் திருப்பத்தில் நிற்காமல் ஒரே சீராகப் போய்ப் பார்த்தேன். மூக்கு மழுங்கியிருந்தது. இன்னொன்று போட்டேன். மூக்கே இல்லை. இந்த மனுஷன் சொன்னது சரியாகிப்போனதே என்ற எரிச்சலில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

அதற்குப் பிறகு கை அடங்கவில்லை. பேருந்துக்கு நிற்கும்போது காற்றில் சுற்றினேன். முன்னால் நின்றவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு தள்ளிப் போனார். குழம்பில் கரண்டி தோளிலிருந்து சுற்றியது. நீள்வட்டம் வந்துவிட்டது. ஆனால் தொட்டி வரவில்லை. மேலே வாய்க்கு ஒன்று, கீழே அடிப்பாகத்துக்கு அதே அளவில் ஒன்று, இரண்டையும் இணைக்கப் பக்கத்துக்கு ஒரு கோடு. பார்த்தால் யாரோ மிதித்த தகர டப்பா மாதிரி இருந்தது. எங்கே தப்பு என்று தலைகீழாக நின்றாலும் பிடிபடவில்லை.

பெரிதாகப் போட்டால் தெரியுமோ என்று டீ நேரத்தில் கீழே ஷெட்டுக்குப் போனேன். அங்கே இரும்பு ஸ்டாண்டுமேல் ஒரு பெரிய தகடு படுத்திருக்கும். சாக்பீஸால் அதில் கிறுக்கலாம். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. என் வெள்ளை ஹெல்மெட்டை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். ஆணியில் தொங்கியது மஞ்சள் ஒன்று. எடுத்து மாட்டிக்கொண்டேன்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஷெட்டில் கூரையோடு ஓடுகிற கிரேன் உண்டு. அதை ஓட்டுகிற பெண்ணுக்குப் பெயர் ஆகாயம். மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பதால் நாங்கள் வைத்த பெயர். அந்த உயரத்திலிருந்து அவளுக்கு முகம் தெரியாது, ஹெல்மெட் மட்டும்தான் தெரியும். மஞ்சள் ஹெல்மெட் என்றால் சைகை காட்டுகிறவர். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு, கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. "கை சொன்னா கேப்பேன்க்கா, வாய் சொன்னா காதுல விழாது" என்று பெருமையாகச் சொல்வாள்.

நான் தகட்டுமேல் குனிந்து, சாக்பீஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, காற்றில் சுற்ற ஆரம்பித்தேன்.

தலைக்கு மேல் விர்ரென்று சத்தம். நிமிர்ந்தால், எதிரே மூன்று சங்கிலியில் தொட்டி வாய்க்கான பெரிய எவர்சில்வர் வளையம் இறங்கிக்கொண்டிருந்தது. உயரத்தில் இருந்தபோது அகலமான நீள்வட்டம். இறங்க இறங்க ஒடுங்கியது. என் கண்ணுக்கு நேரே வந்தபோது வட்டமே இல்லை, வெறும் ஒரு கோடு! அதற்குக் கீழே போனதும் மறுபடி மெல்ல விரிந்தது.

அடடா! கண்மட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ஒடுக்கம், மேலேயோ கீழேயோ தள்ளிப் போகப் போக அகலம். மேலேயிருந்து பார்க்கிற தொட்டிக்கு வாய் ஒடுக்கமாகவும் அடிப்பாகம் அகலமாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் போட்டதால்தான் அது தகர டப்பா. சந்தோஷத்தில் கண் வளையத்தை விட்டு நகரவில்லை. கையும் சுற்றுவதை நிறுத்தவில்லை.

வளையம் முழங்கால் உயரத்துக்கு வந்தபோதுதான் அதன் நடுவில் ஒரு மனிதர் நிற்பதைக் கவனித்தேன். டீம்காரர். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில், "கவலையே படாதீங்க சார், நம்ம டீம் பாத்துக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார். கால் தட்டியது. போன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் அந்த வளையம் எங்கே இறங்கியிருக்கும் என்று நினைத்ததும் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டேன். முதலாளி ஓடி வந்தார்.

"யாரு சைகை காட்டினது?"

"மஞ்ச ஹெல்மெட் இறக்குன்னுச்சு, இறக்கினேன்!" என்றாள் ஆகாயம் மேலேயிருந்து.

எல்லாரும் என் தலையைப் பார்த்தார்கள். நான் மெல்ல அதைக் கழற்றினேன்.

"இனிமே இந்த ஷெட்டுக்குள்ள வந்தா கையைக் கட்டிக்கிட்டுத்தாம்மா வரணும்."

"சார், வெள்ளிக்கிழமை..."

"அன்னைக்கும்தான். மேனேஜரே வரையட்டும், அவரே பேசட்டும். யாராவது அளவு கேட்டா சொல்றதுக்கு மட்டும் நீ வா."

எனக்கு அழுகை வந்தது. தொட்டி கைக்கு வந்த அதே நிமிஷத்தில் கையைக் கட்டிப்போட்டால் யாருக்குத்தான் வராது? அதே சமயம் முதலாளிமேல் கோபப்படவும் வழியில்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை பால்காரம்மா வந்தார். தகட்டைச் சுற்றி எல்லாரும் நின்றோம், நான் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. டீம்காரர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு சாக்பீஸை எடுத்தார். நேரே போனார். திருப்பத்தில் நின்றார். வெடுக்கென்று திருப்பினார்.

"இது என்ன, படகா? நான் பால் வியாபாரம் பண்றேன், மீன் பிடிக்கல" என்றார் பால்காரம்மா.

டீம்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்து, துடைத்துவிட்டு மறுபடி போட்டார். அதற்கும் மூக்கு. மூன்றாவதற்கு நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. மனதுக்குள் குதூகலிக்க வேண்டியவள்தான் நான். ஆனால் அந்த எலுமிச்சம்பழத்தோடு நானும் மல்லுக்கட்டியவள். பார்க்கச் சகிக்கவில்லை.

"திருப்பத்துல பிரேக் போடாதீங்க சார்!"

என்னை அறியாமல் கத்திவிட்டேன். பால்காரம்மா திரும்பினார்.

"இவங்க யாரு?"

"மாடியில... கம்ப்யூட்டர்ல வரையறவங்கம்மா" என்றார் முதலாளி.

"வரையறவங்களா? அப்புறம் எதுக்குக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க?"

நான் முதலாளியைப் பார்த்தேன்.

"அவிழ்த்துக்கலாமா சார்?"

அவர் கூரையைப் பார்த்தார். மஞ்சள் ஹெல்மெட் சைகைக்காரர் தலையில்தான் இருக்கிறதா என்று பார்த்தார். டீம்காரரைக் கையைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தினார். பிறகு தலையசைத்தார்.

சாக்பீஸை வாங்கித் தகட்டுக்கு மேல் காற்றில் சுற்ற ஆரம்பித்தேன். மேலே கூண்டில் ஆகாயம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள், எதையும் தொடவில்லை என்று. சைகைக்காரர் நின்றார், வெல்டிங்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். கை அது பாட்டுக்குச் சுற்றியது. இறக்கினேன். நிற்கவில்லை, திருப்பத்தில் நிற்கவில்லை, ஒரு கோட்டின் மேலேயே இன்னொரு சுற்றும் போனேன். ஒடுக்கமாக ஒரு வாய். கீழே அகலமாக அடிப்பாகம். வாயோரம் ஆள் இறங்கப் படிகள். பக்கத்துக்கு ஒரு கோடு.

தகட்டில் தொட்டி நின்றது.

"அட!" என்றார் பால்காரம்மா. உடனே புருவத்தைச் சுருக்கினார். "ஆனா மேல வாய் ஏன் ஒடுங்கியிருக்கு? என் ஆளு உள்ள இறங்கணுமே, மாட்டிக்க மாட்டானா?"

"ஒடுங்கலம்மா, ரெண்டும் ஒரே அளவுதான். காட்டறேன் பாருங்க. அண்ணே, அந்த ஹெல்மெட்டைக் கொஞ்சம் குடுங்க."

சைகைக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு சரி என்றார். டீம்காரர் சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டார். கிரேனில் தொங்கிய வளையத்துக்குக் கீழே யாரும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மஞ்சளை மாட்டி, விரலைக் கீழே நீட்டிச் சுற்றினேன். வளையம் இறங்கியது. அகலம், ஒடுக்கம், கோடு, மறுபடி அகலம். பால்காரம்மா சின்னக் குழந்தை மாதிரி அதனோடு சேர்ந்து குனிந்தார்.

"இன்னொரு தடவை காட்டுங்க" என்றார்.

காட்டினேன். பிறகு அவர் தகட்டுக்கு வந்து, வாயின் ஓரத்தில் நான் போட்டிருந்த படிகளை விரலால் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது.

"ஆள் முதுகு இடிக்காம இறங்கற மாதிரி படியை ஓரமா வச்சிருக்கே, இது நல்லா இருக்கு. யாரு யோசனை?"

டீம்காரருக்குப் பழக்கதோஷம். சுவரோரமிருந்தே குரல் வந்தது. "எல்லாம் நம்ம டீம்தாம்மா."

"டீமா?" பால்காரம்மா சுற்றிலும் பார்த்தார். "நான் ஒரு கையைத்தானே பாத்தேன்!"

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். முழங்கைவரை சாக்பீஸ் மாவு. இப்படி ஒருவர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மாடிப்படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் பெரிய பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நான்தாம்மா" என்றேன். எலி கத்தின மாதிரி இருந்தது.

"அப்ப நான் உங்ககிட்டதான் பேசணும். உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பேசினேன். கூரை உயரம், மூடி, படி, கழுவுகிற தண்ணீர் வெளியேறும் வழி எல்லாவற்றையும் பேசினேன். அவர் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் ஏறி, மூடி எப்படித் திறக்கும் என்று காட்ட விரலை உயர்த்தி ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கேயோ விர்ரென்று சத்தம் கேட்டது. டீம்காரர் அலறிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே ஓடினார்.

"அக்கா!" என்று ஆகாயத்தின் குரல் மேலேயிருந்து வந்தது. "பேசறதுன்னா ஹெல்மெட்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் பேசுங்கக்கா!"