பெட்டை எலியை மாத்திப் பாக்கிறது

தேவிப்பிரியா பெங்களூரில் ஆண் எலியின் விதைக்கொட்டையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுகிறாள். இதைப் பாலக்கோட்டுப் பக்கம் எந்தத் தாய் வாய்விட்டுச் சொல்லுவாள்? அவள் அம்மா பாஞ்சாலி ஊருக்குச் சொல்லி வைத்திருந்தது, "பொண்ணு கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்குது." ஊரும் நம்பியது. கேன்சர் கௌரவமான நோய்.

படிப்பு என்னவோ நல்ல படிப்புதான். உடம்புக்குள் முக்கால்வாசி வேலையைப் புரதம்தான் பார்க்கிறது. அதன் மேல் மெத்தில் என்று ஒரு சின்னத் துணுக்கை ஒட்டிவிட ஒரு நொதி உண்டு. மண்டியில் தக்காளிப் பெட்டி மேல் வியாபாரி குறி போடுவான் பாருங்கள், அந்த மாதிரி. குறி இருந்தால்தான் எந்தப் பெட்டி எந்த லாரிக்கு என்று தெரியும். விந்து உண்டாகிற செல்களிலிருந்து அந்த நொதியை எடுத்துவிட்டால் செல் பாதி வழியிலேயே செத்துப்போகும். வெளியே பார்த்தால் எலிக்கு ஒரு குறையும் தெரியாது. கொழுகொழுவென்று இருக்கும், மத்த எலிகளை விரட்டும், பெட்டை மேல் ஏறும். குட்டி மட்டும் கிடையாது.

அவள் அண்ணன் தமிழ்மணியும் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். முறுக்கின மீசை, புல்லட் வண்டி, யார் வூட்டுத் தகராறுக்கும் முதல் ஆளாக நிற்பது. கல்யாணமாகிப் பல வருசமாகியும் குழந்தை இல்லை. பொண்டாட்டி மலர்விழி பார்க்காத டாக்டர் இல்லை. கோயில் தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயாலேயே எடுத்து மண்சோறும் தின்றாள். தமிழ்மணி அதைச் செல்போனில் படம் பிடித்தான். அவன் பங்கு அவ்வளவுதான். நீங்களும் ஒரு டெஸ்ட் பாருங்களேன் என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னதற்கு, சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

கடைசியில் வூட்டில் ஒரு ஞாயித்துக்கிழமை பேச்சுவார்த்தை வைத்தார்கள். பாஞ்சாலியின் தம்பி ஆண்டி பொம்மிடியிலிருந்து வந்தார். கல்யாணத்தைத் தீத்து மலர்விழியைத் தாய்வூட்டுக்கு அனுப்பிவிட்டால் தன் மகள் சுசித்ராவைக் கொடுக்க அவர் தயார். சுசித்ராவைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள், அந்த வழக்கம் அங்கே கிடையாது. படித்த பொண்ணு வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் மருமகள் வூட்டார் மறுத்துப் பேச மாட்டார்கள் என்று, தேவியையும் பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தாள் பாஞ்சாலி.

"நீதான் பெரிய படிப்பு படிக்கிறியே. யாரு மேல குறைன்னு நீயே சொல்லுடி."

தேவி அண்ணனைப் பார்த்தாள். பொண்ணை வெளியூர் அனுப்ப மாட்டேன் என்று அப்பா குதித்தபோது, சண்டை போட்டுக் காலேஜில் சேர்த்துவிட்டவன் இந்த அண்ணன்தான். அவனை எப்படி நாலு பேர் முன்னால் கைகாட்டுவாள்? அதனால் அண்ணனை விட்டுவிட்டு எலியைப் பிடித்துக்கொண்டாள். அதிகம் படித்தவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

"எங்க லேப்ல ஒரு ஜோடிக்குக் குட்டி பொறக்கலைன்னா, முதல்ல பெட்டை எலிய மாத்திப் பாப்போம். அதுக்கு அப்புறம்..."

"கேட்டுக்குங்க," என்றாள் பாஞ்சாலி. "பெங்களூர்லயே பெட்டையத்தான் மாத்துறாங்களாம்."

ஆண்டி தொடையைத் தட்டிக்கொண்டார். காபி வந்தது. விஞ்ஞானமே ஒத்துக்கொண்ட பிறகு யாருக்கு என்ன சந்தேகம்? தமிழ்மணி கால் மேல் கால் போட்டு மீசையைத் தடவினான். தேவி மிச்சப் பேச்சைக் காபியோடு சேர்த்து விழுங்கினாள். வெக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விழுங்கினாள்.

காலி டம்ளர் எடுக்க வந்த மலர்விழி அவள் முன்னால் நின்றாள்.

"பெட்டைய மாத்தியும் குட்டி பொறக்கலைன்னா என்ன பண்ணுவீங்க தேவி?"

தேவி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"குறை ஆண் எலிக்குத்தான்னு முடிவு பண்ணுவோம் அண்ணி. அப்புறம் அதைக் கொன்னு, கொட்டைய எடுத்து, நறுக்கி, மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாப்போம்."

தமிழ்மணி மேலே போட்டிருந்த காலை இறக்கி, ரெண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டான். ஆண்டிக்குத் திடீரென்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் அண்ணன் தனியாக வந்தான். "கொல்லாம பாக்க வழி இருக்குதா பாப்பா?"

"மனுசனுக்கு ஒரு சின்ன டப்பா போதும்ணா."

தர்மபுரி லேபுக்குள் ஹெல்மெட்டைக் கழட்டாமலேயே போய்வந்தான். உயிரணு ஒன்றுகூட இல்லை என்று ரிசல்ட் வந்தது. காரணம் என்னவென்று இனிமேல்தான் பார்க்கணும், வைத்தியம்கூட இருக்கலாம் என்று தேவி போனில் சொன்னாள். பாஞ்சாலி அழுது தீர்த்தாள். தீர்த்துவிட்டு மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மலரு, இது வெளிய தெரிய வேணாம்மா. குறை உம்மேலன்னே ஊரு நெனச்சுக்கட்டும். உனக்குப் பழகிப்போச்சு. அவன் தாங்க மாட்டான்."

மலர்விழி கையை உருவிக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க அத்தை. கேக்கறவங்களுக்கு அவரே சொல்லிக்கட்டும்."

வைகாசியில் அதியமான்கோட்டையில் சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை பெரியம்மா வழக்கம்போல மலர்விழி பக்கம் சாய்ந்து, "என்னம்மா, விசேசம் ஏதாச்சும் உண்டா?" என்றாள்.

மலர்விழி இலையிலிருந்து நிமிரவில்லை. "அவரைக் கேளுங்க," என்றாள்.

பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். பந்தியில் நாலைந்து பேரும் திரும்பினார்கள். தமிழ்மணி வாயில் வடையோடு எதிர் இலையில் இருந்த தங்கச்சியைப் பார்த்தான். தேவி குனிந்து ரசத்தைக் குடித்தாள்.