பெதானிக்கு ஒரு பூசை

மகள் பெர்த்தில் படிக்கிறாள் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்தவர் என் கணவர் சிலுவைராஜ். உண்மையில் பெதானி சிறையில் இருந்தாள். வெளிநாட்டு ஊழியர்களை லாரியின் பின்தட்டில் ஏற்றிப்போவதை நிறுத்துங்கள் என்று கூட்டம் போட்டாள். தேர்தல் நெருங்கிய நேரம். ஒரு நாள் காலையில் எங்கள் புக்கிட் மேரா வீட்டுக்குப் போலீஸ்காரர்கள் வந்து அவளை அழைத்துப் போய்விட்டார்கள். நாட்டின் பாதுகாப்பாம். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. பேப்பரில் பெயர்கூட இல்லாமல் நாலு வரி வந்தது. லாரியில் போகிறவனுக்கு ஒரு இருக்கை கேட்டால் நாடு கவிழ்ந்துவிடுமா என்ன?

"நம்ம பையன் கேலப் கவர்மென்ட் ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணிருக்கான். கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு லா, உர்சுலா" என்பார் இவர். கெட்டவர் இல்லை, பயந்தவர். மகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, தஞ்சோங் பகார் ஆபீசுக்குப் போய் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன முறை பார்க்கப் போனபோது பெதானி கேட்டாள்: "சர்ச்ல யாராச்சும் என்னைக் கேக்குறாங்களாம்மா?"

"எல்லாரும் கேக்குறாங்க."

கேட்டார்கள்தான், பெர்த்தில் இப்போது குளிரா என்று.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. அவள் பெயரைச் சொல்லி நாலு பேர் ஜெபிக்க வேண்டும் என்றேன். கூடவே கூடாது என்றார். கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். பெதானிக்குப் பூசை ஒப்புக்கொடுப்பது. பெயரை மட்டும் வாசிக்கட்டும், காரணம் வேண்டாம்.

ஃபேரர் பார்க் பக்கம் இருக்கும் எங்கள் பங்குக் கோயில் ஆபீசில், பூசைக்குப் பெயர் எழுதிக்கொள்ளும் மாசிலாமணி இருந்தார். பெயரைச் சொல்வதற்குள் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வேற ஏதாச்சும் சொல்லணுமாக்கா?"

"பேர் மட்டும் போதும் தம்பி."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷன், புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

ஞாயிறு மாலை தமிழ்ப் பூசை. தொடங்குமுன், அன்றைய பூசை யார் யாருக்காக என்ற கருத்துகளை மாசிலாமணி மைக்கில் வாசித்தார். யாருக்கோ பிறந்தநாள், யாருக்கோ தேர்வு. பிறகு குரலைத் தாழ்த்தி, "மறைந்த பெதானி சிலுவைராஜின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றார்.

எப்போதும் எங்கள் பின் பெஞ்சில் உட்காரும் ஈவா "ஐயோ அக்கா" என்று என் தோளைப் பிடித்தாள். மாசிலாமணியையும் குறை சொல்ல முடியாது. எங்கள் பங்கில் உயிரோடு இருப்பவர்களுக்குப் பூசை கொடுப்பவர்கள் காரணத்தையும் சேர்த்தே சொல்வார்கள். அழுதுகொண்டு வெறும் பெயரைக் கொடுப்பது செத்தவர்களுக்குத்தான்.

சிலுவைராஜ் எழுந்து நின்றார்.

"என் பிள்ளை சாகல."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பெர்த்துன்னு நான்தான் பொய் சொன்னேன். அவ ஜெயில்ல இருக்கா. கேஸ் இல்லாம உள்ள வச்சிருக்காங்க. லாரில போற ஆளுங்களுக்காகப் பேசினா, அவ்வளவுதான். அவ சாகல."

மாசிலாமணி, உள்ளே வரத் தயாராக வாசலில் நின்ற ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தலையசைத்தார். "சிறையில் இருக்கும் பெதானி சிலுவைராஜின் விடுதலைக்காக" என்று மறுபடி வாசித்தார். முன்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து வெளியே போனது. மற்றவர்கள் இருந்தார்கள். ஈவா என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

இவர் உட்கார்ந்தார். இத்தனை நாள் இந்த மனுஷனைத் திட்டியதெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"கேலப்புக்கு ஸ்காலர்ஷிப் இனிமே கிடைக்காதுல்ல?"

"கிடைக்காது" என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

பூசை தொடங்கும் வருகைப் பாடலுக்கு எல்லாரும் எழுந்தபோது என் காதருகே குனிந்து சொன்னார்:

"அடுத்த வாரமும் பூசைக்குக் குடு. என்ன காரணம்னும் சொல்லிடு."