கருவாட்டுத் தராசில் இரண்டு கேமரா

எதை எடுப்பார் என்று எனக்குத் தெரியும், பிறகு தராசு எதற்கு? ஞானம் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவின் கருவாட்டுத் தராசில் ஞானத்தின் கணவன் அருள்பிரகாசம் இரண்டு கேமராக்களையும் மாறி மாறி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடையது மடக்குக் கேமரா; கனம் அதிகம், காற்றடித்தால் அதன் தோல் மடிப்பு படபடக்கும். அவளுடையது வெறும் தகரப் பெட்டி. கல்யாணத்துக்கு அண்ணன் கொடுத்தது.

"உன்னுது பஞ்சு மாதிரி கீது, ஞானம். காத்தாடி அலுங்காம தூக்கிகினு போவும்."

ராயபுரம் கரையைக் கடல் எவ்வளவு தின்றுவிட்டது என்று, காத்தாடியில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, மேலேயிருந்து ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. அந்த ஆசை அவளுக்கும் பிடித்திருந்தது. ஊதுபத்தி எரிந்து நூலை அறுத்ததும் ரப்பர் கேமராவின் விசையை இழுத்துப் படம் விழும்படி, அவளும் கூட உட்கார்ந்துதான் கட்டிக்கொடுத்தாள்.

காலையில் சோதனைக்கு அவளுடைய பால்பவுடர் டப்பாவில் மணலை நிரப்பிப் பறக்கவிட்டார்கள். அத்தனை பெரிய காத்தாடியைக் கண்டால் காசிமேட்டு மாடிகள் சும்மா இருக்குமா? யாரோ மாஞ்சா போட்டு அறுத்துவிட்டான். டப்பாவைக் கேட்கப்போன அத்தாவுல்லா, காத்தாடி செய்து கொடுத்தவர், வெறுங்கையோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"மேல போச்சுன்னா அது காத்தாடிதான் நைனா. அறுந்தா புட்சவனுக்கு சொந்தம். கேட்டா நம்மளத்தான் சிரிப்பானுங்கோ."

டப்பாதானே, காத்தாடிக்கு மாற்று ஒன்று இருக்கிறதே என்று ஞானமும் அப்போது சிரித்தாள்.

ஸ்டூடியோ ஆண்களின் முன்னால் உட்காரக் கூசும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படம் எடுத்துக்கொள்ள அவள் மொட்டைமாடிக்கு வருவார்கள். பச்சையம்மா பல் தெரியச் சிரித்த ஒரே படம் இந்தப் பெட்டியில் விழுந்ததுதான். தெருவில் அவளைப் படக்காரம்மா என்பார்கள். வீட்டுக்குள் அந்தப் பெயர் நுழைந்ததே இல்லை.

"உங்குளுத கட்டுங்களேன்."

"அது போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

சட்டென்று வந்துவிட்டது. சொன்னபின் அவன் தராசையே பார்த்தான். அவன் முகத்தைக் காண அவளுக்குப் பாவமாக இருந்தது.

"ஒரே ஒரு தபா," என்றான், குரலைத் தாழ்த்தி. "நீயே உன் கையால கட்டிக் குடு."

தட்டிலிருந்து பெட்டியை எடுத்து, கருவாட்டு வாடை போக முந்தானையால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது வேணாங்க," என்றாள்.