ஜீவனஹள்ளிப் பெண்ணுக்கு வேலூரில் ஒரு வீடு

1

இந்தக் கதை எனக்கு ஆனேக்கல் பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ம்மா, ஞாயித்துக்கெழம யாரும் ஹாஸ்டலுக்கு வராதீங்க. ஜீவனஹள்ளில இருந்து அவ்ளோ தூரம் எதுக்கு? பிரியாணிய லீவுக்கு வந்து துன்றேன்." ஜீவனஹள்ளியும் பெங்களூர்தான், ஆனேக்கல் அதன் ஓரம்தான்; இதே ஊரில் இருக்கும் அம்மாவை ஏன் வரவேண்டாம் என்கிறாள்? கேட்க முடியாமல் இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து மண்டை குடைகிறது.

2

அவளுக்குப் பவுலின் என்று பெயர் வைத்தேன். முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்த மாலையில் பவுலின் பெட்டியோடு—"

வேண்டாம். பெங்களூர்க் கதை என்றாலே மழையா?

இரண்டாவது: "பவுலினுக்குத் தன் பெற்றோரை நினைத்து வெட்கமாக—"

அதுவும் இல்லை. அந்தக் குரலில் பாசம் இருந்தது, நானே கேட்டேன்.

3

இப்படி வைத்துக்கொள்வோம். ஆனேக்கல் பக்கம் ஒரு சின்னப் பல்கலைக்கழகம்; ஒருவர் தும்மினால் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதல் நாள் மெஸ்ஸில் அறிமுகம். பெங்களூர் என்று சொன்ன பெண்ணிடம், "அப்ப சனிக்கிழமையானா நீ வீட்டுக்கு ஓடிடுவே," என்றார்கள். அதோடு ஞாயிற்றுக்கிழமைத் திட்டங்களிலிருந்து அவளைக் கழித்துவிட்டார்கள். அடுத்தது பவுலின். ஹாஸ்டலில்தான் தங்குவேன் என்று வீட்டில் சண்டை போட்டு வந்தவள். வாயில் வந்துவிட்டது: "வேலூர்."

(அப்பாவின் பூர்வீகம். அவள் போனதே இல்லை. பொய்யை அவளாகச் சொன்னாளா, நான் சொல்லவைத்தேனா என்பது எங்களுக்குள் தீராத வழக்கு.)

எதிரில் இருந்த லாவண்யா தட்டோடு எழுந்து வந்து ஒட்டி உட்கார்ந்தாள். "நானும் வேலூர்தாண்டி. காலையிலருந்து இங்லீஷ்லயே பேசி வாய் வலிக்குது எனக்கு."

4

ஒரே வாரத்தில் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். லாவண்யா வீட்டை நினைத்து அழுதால் பவுலின் பக்கத்தில் இருப்பாள். "நீயும் ஊர விட்டு வந்தவ, ஒனக்குத்தான் புரியும்," என்பாள் லாவண்யா. பவுலினுக்குச் சுருக்கென்று தைக்கும். ஏனென்றால் வீட்டு ஏக்கம் அவளுக்கும் நிஜம்தான். வேலூர் மட்டுமே பொய்.

5

இன்று மெஸ்ஸில் லாவண்யா உற்சாகமாக இருக்கிறாள். "லீவுக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போலாம். எங்கப்பா வண்டி எடுத்துட்டு வருவாரு, ஒன்ன வீட்ல விட்டுட்டுதான் போவோம். நீங்க எந்தத் தெரு?"

"கோட்டப் பக்கம்," என்றாள் பவுலின்.

"அதான், எந்தத் தெரு?"

கதை இங்கே நின்றுவிட்டது. பவுலின் உண்மையைச் சொல்கிறாள், லாவண்யா சிரித்துவிடுகிறாள் என்று எழுதிப் பார்த்தேன். லாவண்யா சிரிக்க மறுத்தாள். லாவண்யா எழுந்து வேறு மேஜைக்குப் போகிறாள் என்று எழுதினேன். பவுலினைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை, அடித்துவிட்டேன். பொய்யையே நீட்டலாம் என்றால் எனக்கும் வேலூர் தெரியாது. (போனில் தேடலாம்தான். எடுத்தேன், வைத்துவிட்டேன்.)

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு தெருவின் பெயரை எடுத்துக் கொடுத்தால் இந்த நட்பு லீவு வரை தாங்கும். கொடுக்காவிட்டால் அவள் உண்மையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. லாவண்யா பதிலுக்குக் காத்திருக்கிறாள். பவுலின் அவளைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள்.