பின்னறைக் கணினியும் பாதி நோட்டும்

பாதி எழுதிய அந்த நோட்டு மட்டும் பின்னறைக்குள் போய்விடக் கூடாது, கை மறதியாகக்கூட, அலமாரி துடைக்கிற நாளில்கூட. டைல்ஸ் கடையில் அளவு போடும் வேலை பார்த்தவள் ஆறு வருஷமாகக் காலையில் பல் துலக்கும்போது நினைத்துக்கொண்டது இதைத்தான். யாரிடமும் சொன்னதில்லை. அவள் வீட்டுப் பின்னறையில் பாதியில் விடப்பட்ட எதுவும் மறுநாள் மதியத்துக்குள் தானாக முடிந்துவிடும். அங்கே கணினி ஓடத் தொடங்கிய ஆறாம் நாளிலிருந்து இப்படித்தான் இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் சாயங்காலம் வரை ஆகும்.

கணினியை அவளே பாகம் பாகமாக மாட்டிச் சேர்த்தாள். அவளுடைய அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்து, சட்டைப் பட்டன் போட முடியாமல் போய், கடைசியில் தண்ணீர் டம்ளரை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் போய்ப் பல வருஷம் கழித்து, டைல்ஸ் பெட்டிக்குள் திணித்து வந்த ஒரு பழைய செய்தித்தாளில் அவள் ஒரு விஷயம் படித்தாள். அந்த நோயில் உடம்புக்குள் ஒரு புரதம் தப்பாக மடிந்துகொள்கிறது. அது எப்படியெல்லாம் மடியலாம் என்று ஒரே கணினி கணக்குப் போட்டால் நூறு தலைமுறை ஆகும். ஆகையால் ஓர் ஆராய்ச்சிக்கூடம் கணக்கைப் பொடிப்பொடியாகத் துண்டு போட்டு, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறது. கூலி கிடையாது. ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு, அதற்குள் முடிக்காவிட்டால் துண்டு வேறொருவருக்குப் போய்விடும். முடித்தாலும், முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு ஒரே துண்டைக் கொடுத்து, இருவர் விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். இந்தக் கடைசி விதியை அவள் மூன்று தடவை படித்தாள். எங்கோ இருக்கும் ஒருவர், அவள் யாரென்றே தெரியாமல், அவள் சொன்னதையே சொல்வார். அப்படி ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது என்பதே அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

வேறு எந்த வேலையும் செய்யாத தனிக் கணினி, ஆனால் மலிவாக. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து மதர்போர்டு வந்தது. மெமரி இரண்டும் இரண்டு கம்பெனி, மாமியார் மருமகள் போல ஒன்றை ஒன்று பொறுத்துக்கொண்டன. கிராபிக்ஸ் கார்டை, விளையாட்டுப் பைத்தியம் தெளிந்த ஒரு பல் டாக்டர் விற்றார். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு பென் டிரைவ். பவர் சப்ளை மட்டும் புதிது, அதில் அவள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பெட்டி வாங்கவே இல்லை. சமையலறையில் தட்டு நிறுத்திவைக்கும் பிளாஸ்டிக் பூசிய கம்பி ஸ்டாண்டைக் கொண்டுவந்து, தட்டுகள் நின்ற இடைவெளியில் போர்டையும் கார்டையும் நிறுத்திக் கட்டினாள். காற்று தாராளமாகப் போனது. பவர் பட்டன் கிடையாது. ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டு பின்களை ஒரு நொடி தொட்டால் ஓடத் தொடங்கும். மொத்தச் செலவு ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டும் கூலியைவிடக் குறைவு.

நாத்தனார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, தட்டையெல்லாம் இனிமே எங்க வைக்கிறது?"

"ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கு."

"சரி, இது என்னதான் பண்ணும்?"

"கணக்குப் போடும்."

"யாருக்கு?"

"தெரியாதவங்களுக்கு."

"காசு?"

"கிடையாது."

"ராத்திரி பகல்?"

"ரெண்டும்தான்."

"அப்போ இது பொம்பளை மெஷின்தான், சந்தேகமே இல்ல" என்று சொல்லிவிட்டு நாத்தனார் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆறாம் நாள், மூன்று வருஷமாக ஒரே கையோடு பின்னறை மூலையில் கிடந்த நாத்தனாரின் ஸ்வெட்டருக்கு இன்னொரு கை வந்திருந்தது. காலரும் வந்திருந்தது. நாத்தனார் அதைப் போட்டுப் பார்த்து, இடது தோள் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றாள். அவள் ஆரம்பித்தபோதே தோள் ஏறித்தான் இருந்தது. இந்த அறையின் முறை அதுதான் என்பது போகப்போகத் தெரிந்தது. எது எப்படித் தொடங்கியதோ அப்படியே முடியும், கோணல் கோணலாகவே போய்ச் சேரும். அடுத்த வாரம், அவள் வீட்டுக்காரர் பிரித்துப்போட்டு மறந்த மூன்று ஃபிரிட்ஜ் கம்ப்ரசர்கள் ஓடத் தொடங்கின. அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எதையும் முக்கால்வாசி செய்து, மீதிக்கு "பார்த்துக்கலாம்" சொல்லும் மனுஷர். மூன்றையும் தடவிப் பார்த்துவிட்டு, "நான்தான் சரி பண்ணியிருப்பேன், மறந்துபோச்சு" என்றார்.

தெருவுக்கு விஷயம் தெரிய ஒரு மாதம்கூட ஆகவில்லை. தச்சர் மூன்று கால் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார், மறுநாள் நான்கு காலோடு எடுத்துப் போனார். பதினொரு வருஷமாக ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மட்டும் எழுதி வைத்திருந்த பேங்க் குமாஸ்தா, அது கையெழுத்தோடு முடிந்திருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் அழுதார், பிறகு தபாலில் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து தவணை முறையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பதி உள்ளே போய் நாற்பது நிமிஷத்தில் சண்டையை முடித்துக்கொண்டு, வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். அப்படியானால் நடுக்க நோய்க் கணக்கே ஏன் ஒரே நாளில் முடியவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. முழுக் கணக்கு அந்த அறையில் இல்லை. இருந்தது துண்டு, அதனால் துண்டு முடிந்தது, அடுத்த துண்டு வந்தது.

பொருள்களைவிட வாக்கியங்கள்தான் ஆட்களைப் பயமுறுத்தின. பாதியில் விழுங்கிய பேச்சு எதுவானாலும் அந்த அறைக்குள் வாயைத் திறந்தால் முடிந்துதான் வெளியே வரும். "நீங்க ஒண்ணும் தப்பா நினைக்கலேன்னா" என்று ஆரம்பித்த பக்கத்து வீட்டுக்காரி, ஒன்பது வருஷத்துக்கு முன் தான் எடுத்துப்போன அரிவாள்மணையைப் பற்றி முழுதாகச் சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகு விருந்தாளிகள் முன்னறையோடு நின்றுகொண்டார்கள். வீட்டுக்காரரும் தூசி தட்ட வேண்டியிருந்தால் தங்கையை அனுப்பினார்.

அவளுடைய நோட்டு முன்னறை பீரோவின் அடித்தட்டில், கிழிந்த ரெயின்கோட்டுக்குள் சுற்றி இருந்தது. கணக்குப் பாடத்தில் முதுகலை படித்த கடைசி வருஷம் எழுதியது. ஒரே வடிவத்தில் வெட்டிய, ஒழுங்கற்ற ஓடு ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு எவ்வளவு பெரிய தரையையும் இடைவெளி விடாமல் நிரப்ப முடியுமா என்பது கேள்வி. முடியும் என்று அவள் நாற்பத்தொரு பக்கம் எழுதியிருந்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் 'ஆகவே' என்று எழுதியபோது, அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார் என்று ஆள் வந்தது. நோட்டை மூடினாள். அப்பாவைப் பார்த்துக்கொண்டாள், பரீட்சை போனது, கல்யாணம் வந்தது, டைல்ஸ் கடை வந்தது. அளவெடுக்கப் போகும் வீடுகளில் எல்லாம் தரையைப் பார்த்தால் அவளுக்கு அந்த ஓடு தெரியும். வீட்டின் சொந்தக்காரர் வண்ணம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் மனதுக்குள் ஒரு மூலையிலிருந்து அடுக்கிக்கொண்டே போவாள். 'ஆகவே' வரை போய் நிற்பாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு சொல்லின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது வலியா சுகமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. பின்னறைக்குள் வைத்தால் மறுநாள் மதியம் அது முடிந்துவிடும். அதற்குத்தான் அவள் பயந்தாள்.

ஆறாம் வருஷம் ஆராய்ச்சிக்கூடம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தப்பாக மடியும் புரதத்தில் மருந்து பிடித்துக்கொள்ள ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டார்களாம். கூலி வாங்காமல் உழைத்த கணினிகளின் பட்டியல் கடைசியில் இருந்தது, பதினோராயிரத்துச் சொச்சம். அதில் அவள் தன் கணினிக்கு வைத்த 'தட்டு ஸ்டாண்ட்' என்ற பெயரும் இருந்தது. அவள் அதை ஒரு தடவை விரலால் தொட்டுவிட்டு, ஒரு சமையலறைக்கு அளவெடுக்கக் கிளம்பிப் போனாள். அன்றைக்கு அளவில் ஒரு சதுர அடிகூடப் பிசகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கணினியின் ஃபேன் சிக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. தங்கை ஊரில் இல்லாததால் வீட்டுக்காரரே உள்ளே வர வேண்டியதாயிற்று. வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஃபேனைக் கழற்றினார். அவள் ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். எண்ணெய் விட்டு மாட்டும்போது சந்தோஷத்தில் மறந்துவிட்டார். "பட்டியல்லயே வந்துடுச்சு பாரேன். நீ மட்டும் அந்தப் படிப்பை முடிச்சிருந்தா…" என்று ஆரம்பித்தார். இந்த வாக்கியத்தை அவர் பஸ்ஸில், பந்தியில், படுக்கையில் என்று ஐம்பது தடவையாவது ஆரம்பித்து விழுங்கியிருக்கிறார். அன்றைக்கு அது நிற்கவில்லை.

"…என்னைக் கட்டியிருக்க மாட்டே. அதனாலதான் ஒரு தடவைகூட உன்னைப் போய் முடின்னு நான் சொல்லல. முடிச்சா போயிடுவியோன்னு பயம்."

சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவளும் அந்த அறையில்தானே நின்றாள். அவள் விழுங்கியதும் வெளியே வந்தது.

"தெரியும். தெரிஞ்சுதான் நானும் கேக்கல. போயிடுவேனோன்னு எனக்கும் பயம் இருந்துச்சு."

ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அவர் மாட்டினார். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது.

நான்கு நாள் கழித்து அவர் ரெயின்கோட்டுப் பொட்டலத்தோடு பின்னறை வாசலில் நின்றார். ஊரிலிருந்து வந்துவிட்ட தங்கை பக்கத்தில் நின்றாள்.

"இது எங்க இருக்குன்னு எனக்கு எப்பவுமே தெரியும்" என்றார். "உள்ள வச்சுடும்மா. ஒரு நாள்தானே. எனக்கும் நெஞ்சு லேசாகும்."

"வைங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "போறவன் வர்றவன் நாற்காலியெல்லாம் முடிச்சுக் குடுத்தோம். வீட்டுக்காரிக்கு ஒண்ணு முடியக் கூடாதா?"

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு சின்னக் கோணல் இருக்கிறது என்று எழுதிய அன்றே அவளுக்குச் சந்தேகம். அறை அந்தக் கோணலையும் சேர்த்து அழகாக முடித்துவிடும். கோணலே இல்லாவிட்டாலும் என்ன? கெடு தாண்டிய துண்டைப் போல இந்தக் கணக்கையும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று இத்தனை காலம் பயந்திருந்தாள். யாரும் கொடுக்கவில்லை. ரெயின்கோட்டுக்குள் அவள் கையெழுத்து அப்படியே இருந்தது, அந்த எடை கைக்குத் தெரிந்தது.

"பென்சில் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

அவள் பின்னறைக் கதவைச் சாத்தினாள். முன்னறை மேஜையில், அந்த அறைக்கு எவ்வளவு தூரத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து, பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் சின்னச் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு இது இன்னும் இருபது வருஷம் பிடிக்கும் அண்ணி. பின்னறைன்னா நாளைக்கு மத்தியானமே முடிச்சுடும்."

"முடிச்சுடும்" என்று ஒப்புக்கொண்டாள். "உள்ள வேண்டாம்."