கை கோத்தால் பறக்கும் இருவாச்சி

...அந்த ஒரு மேசையை மட்டும் தாண்டிப் போய்விடலாமா, போனால் யார் கேட்கப்போகிறார்கள், ஆனால் நடுவராக இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்தவன் ஒரு மேசையை விட்டால் அது நேர்மையா, மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் பொறியாளராக இருந்த இந்த வைத்தீஸ்வரன் மேல் இன்றுவரை ஒரு சொல் விழுந்ததில்லை... பள்ளிக்கூடக் கண்காட்சிதானே என்று வந்தது தப்பு. அட்டையில் அஃப்ரா, ஏழாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறது, பெயரை வைத்து எனக்கு என்ன தெரியும், அவள் பின்னால் நிற்கிறவனைத்தான் தெரிகிறது, ஜீஷான், பதினாலு வருடத்துக்கு முன் என் வாசலில் வந்து என் மகள் பார்கவியைக் கேட்டவன். அவள் அவனோடு மேலப்பாளையம் போன மறுநாள் கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் முங்கி எழுந்தேன், செத்தவர்களுக்கு முழுகுவதுபோல, தெருவே பார்த்தது. இந்தப் பெண்ணுக்கு அப்படியே அவள் மூக்கு... பார்க்காதே, வந்த வேலையைப் பார்.

காகிதத்தில் ஓர் இருவாச்சிப் பறவை, ஒன்பது வோல்ட் பாட்டரி, சின்ன மோட்டார், சிறகை இழுக்க நூல், இரண்டு டிரான்சிஸ்டர், சால்டரிங்கில் குறை தேடுகிறேன், ஒன்றுகூட அகப்படவில்லை. "ரெண்டு செம்புப் பட்டை இருக்குல்லா சார், ஆளுக்கு ஒண்ணைத் தொட்டுக்கிட்டு இன்னொரு கையைக் கோத்துக்கிடணும். ஒடம்பு வழியா கரண்டு போவும், பறக்கும்." நீயே கோத்துக்கொள் என்றேன். "நான் பறவையத் தாங்கிப் பிடிக்கணும்லா. வாப்பா, நீங்க வாங்க," என்று தகப்பனைக் கூப்பிட்டாள். அவன் கை நீண்டது. நான் அசையவில்லை. "ஷாக்கெல்லாம் அடிக்காது சார், பயப்படாதீங்க." பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்... உயர் அழுத்தக் கம்பியோடு காலம் தள்ளியவனிடம்! பயமா, எனக்கா, இவனிடமா? பிடித்தேன், மதிப்பெண் போடுவதற்காகத்தான், வேறெதற்கும் இல்லை. சிறகு படபடவென்று அடித்தது. "பார்கவி வெளியதான் நிக்கா மாமா," குனிந்து பைய சொன்னான், என்ன துணிச்சல், மாமாவாம்... இன்னும் பார்கவி என்றுதான் கூப்பிடுகிறானா, பெயரை மாற்றவில்லையா... வெளியே என்றால் எங்கே, வெயிலிலா, எனக்கென்ன, நிற்கட்டும், வேண்டாம் என்று போனவள்தானே, போனாளா, நான்தான்... பத்துக்கு எட்டு போடலாம், வேண்டாம், ஏழு, கூடப் போட்டால் நாளைக்கு யாராவது உறவு என்று... "போதும் சார், கையை விடுங்க, மோட்டார் சூடாவுது." பறவை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. எப்போதோ விட்டுவிட்டேன் என்றல்லவா நினைத்திருந்தேன்... குனிந்து பார்த்தேன். என் பிடிக்குள் அவன் விரல்கள் விரிந்தே இருந்தன.